பக்கத்து பஸ்ஸில் நான்தான் இருந்தேன்

அன்புள்ள வாண்டு அப்பாவுக்கு,

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கோழி கிறுக்கின மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீங்கள் ஏதாவது கேலி பேசி மழுப்பிவிடுவீர்கள். நானும் அதுதான் சாக்கென்று விட்டுவிடுவேன். ஏற்கெனவே ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வாண்டுவுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. கரும்பலகையில் இருப்பது தெரியாமல் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். டீச்சர் அதைக் காப்பி என்று நினைத்து வெளியே நிறுத்திவிட்டார். இப்போது முதல் பெஞ்சில் உட்காருகிறாள். உத்தரத்துப் பல்லியைக் காட்டி, “இது எப்பவுமே இங்கதான் இருந்துச்சா?” என்று என்னைக் கேட்கிறாள்.

கண்ணுக்கு எந்த ஆஸ்பத்திரியில் காட்டினாய் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீங்கள் இருக்கும் ஊரில்தான் காட்டினேன். போன வியாழக்கிழமை நானும் அவளும் அங்கே வந்திருந்தோம்.

உங்களிடம் சொல்லாமல் வந்து திகைக்க வைக்கவேண்டும் என்று ஆசை. ஆஸ்பத்திரி முடிந்ததும் நேராக உங்கள் லாரி ஷெட்டுக்கு வருவதாக இருந்தோம். புதுச் சட்டையும் வறுத்த கடலையும் பையில் இருந்தன. பக்கத்து சீட்டில் ஒரு தையல்கார அம்மா. அவரிடம் பஸ் ஏறியதிலிருந்து உங்கள் பெருமைதான். “எங்க வீட்டுக்காரர் இங்கதான் பெரிய வண்டி ஓட்டறாரு. டிராஃபிக்கெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு” என்றேன். நீங்கள் போனில் சொன்னதைத்தானே சொன்னேன்? பாலத்தில் காற்று ஜிலுஜிலுவென்று வரும், வண்டி வழுக்கிக்கொண்டு போகும் என்றெல்லாம் அளந்தீர்களே.

அந்தப் பாலத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏறும் இடத்திலேயே எல்லாம் நின்றுவிட்டது. நாலு வரிசை போகவேண்டிய இடத்தில் ஏழு வரிசை. ஒரு முழம் நகர்வது, நிற்பது, மறுபடி ஒரு முழம். வண்டிகளின் பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்கள் பாம்பு மாதிரி நுழைகின்றன. எதற்கு ஹாரன் அடிக்கிறோம் என்று அடிக்கிறவனுக்கே தெரியாது போலிருக்கிறது. வாண்டு காதைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் எங்கள் ஜன்னலை ஒட்டி ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. ஓட்டுகிற இடத்தில் நீங்கள்.

கை நீட்டினால் கதவைத் தொட்டிருப்பேன். நீங்கள் திரும்பவில்லை. கழுத்தில் துண்டு. முகமெல்லாம் வேர்வை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. கிணற்றடியில் டிராக்டரைப் பின்னால் எடுக்கும்போது உங்களுக்கு நீங்களே பேசிக்கொள்வீர்களே, “மெல்ல, மெல்ல, பாத்து” என்று, அதே அசைவு. பயந்தால்தான் அப்படிப் பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் விளையாட்டுப் புத்தி போகவில்லை. போனை எடுத்து உங்கள் நம்பரை அழுத்தினேன். எடுத்ததும், “இந்தப் பக்கம் பாருங்க” என்று சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

வீட்டிலிருந்து போன் வந்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறுகிற ஆள் நீங்கள். அன்றும் பதறினீர்கள். ஒரு கையால் சட்டைப் பையைத் தடவினீர்கள். அந்த நேரத்தில் காலும் பிசகியிருக்கவேண்டும். அத்தனை தண்ணீரோடு லாரி பின்னால் சரிந்தது. பின்னால் நின்ற காரின் கண்ணாடி நொறுங்கும் சத்தம் பஸ்ஸுக்குள் கேட்டது.

மீதி உங்களுக்குத் தெரியும். காரிலிருந்து இறங்கிய அந்த ஆள் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினான். “எந்தக் காட்டுலேந்துடா வர்றே? மாடு மேய்க்கிறவனுக்கெல்லாம் லாரி கேக்குதா?” என்றான். கன்னத்தில் ஒன்று வைத்தான். நீங்கள் கையைக் கூப்பிக்கொண்டு நின்றீர்கள். போன் உங்கள் பையில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

தையல்கார அம்மா, “இவனுங்க கையிலெல்லாம் யாரு வண்டியைக் குடுக்கறாங்களோ” என்று அலுத்துக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

வாண்டு என் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குத்தான் அன்றைக்கு நாலடி தள்ளி இருப்பதெல்லாம் புகை மூட்டம். “அந்த டிரைவர் ஏம்மா கும்பிடறாரு? அவரு யாரு?” என்று கேட்டாள்.

“யாரோ” என்றேன்.

அந்த ஆள் போனபிறகு நீங்கள் குனிந்து ரோட்டில் கிடந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் போட்டீர்கள். பின்னால் நூறு வண்டி கத்துகிறது. அடுத்தவன் டயரைப் பற்றி உங்களுக்குக் கவலை. எங்கள் பஸ் நகர ஆரம்பித்தது. கதவு திறந்துதான் இருந்தது. கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்தியிருப்பார். நான் சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் உங்களுக்கு இன்னும் அவமானமாக இருக்கும், அதனால்தான் இறங்கவில்லை என்று ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது பொய். அந்த அம்மாவுக்கு முன்னால் உங்களை என் புருஷன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருக்காக உங்களை யாரோ ஆக்கிவிட்டேன்.

ஷெட்டுக்கு வராமலே அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினோம். சாயங்காலம் நீங்களே கூப்பிட்டீர்கள். “மத்தியானம் போன் பண்ணினியே, டீ குடிச்சிட்டிருந்தேன், சத்தத்துல கேக்கல. அவசரம் ஒண்ணுமில்லையே?” என்றீர்கள். ஒன்றுமில்லை என்றேன். குரல் கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்றதற்குப் பல்வலி என்றீர்கள். நான் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன். எப்படித்தான் சொன்னேனோ.

ஊரில் செங்கல் சூளை டிராக்டரை ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்தவரை அங்கே விரட்டியதும் நான்தான். “ஆளில்லாத மண் ரோட்டுல ஓட்டறவரெல்லாம் டிரைவராக்கும்” என்று அக்கா வீட்டுக்காரர் முன்னால் சொன்னேன். நீங்கள் மறு வாரமே பெட்டியைக் கட்டினீர்கள். பாலத்தைப் பற்றி நீங்கள் அளந்ததெல்லாம் எனக்காகத்தான் என்று இப்போது புரிகிறது.

நேற்று வாண்டுவிடம் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க முடியவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “அப்பான்னு தெரிஞ்சும் யாரோன்னு சொன்னியா?” என்று மட்டும் கேட்டாள். ராத்திரி சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் வாசலில் தனியாகச் சாப்பிட்டாள். இன்று காலையில் தலை பின்னிக்கொள்ளக்கூட என்னிடம் வரவில்லை. கோணல்மாணலாகத் தானே பின்னிக்கொண்டு போயிருக்கிறாள். திட்டவில்லை. அவள் செய்வது நியாயம்தான்.

செங்கல் சூளைக்காரர் நேற்று வழியில் நிறுத்தி, “அவரு எப்பம்மா வருவாரு? இப்ப இருக்கிறவன் வாரம் தவறாம வண்டியை வாய்க்கால்ல விட்டுக் குளிப்பாட்டறான்” என்றார். வந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. போங்கள் என்று சொன்ன நாக்கு அது. வருவதானால் வாருங்கள். அங்கேயே இருப்பதானால் நாங்கள் வருகிறோம், ஒரே அறையானாலும் சமாளிப்போம். எது உங்களுக்குத் தோதோ அது. ஆனால் என்னிடம் நிரூபிப்பதற்காக மட்டும் அந்தப் பாலத்தில் இன்னொரு நாள் ஏறவேண்டாம்.

இனிமேல் பகலில் நான் கூப்பிடமாட்டேன். வண்டியை ஓரமாக நிறுத்தியபிறகு நீங்கள் கூப்பிடுங்கள். அதுவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பேன், பரவாயில்லை.

மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. கடிதத்தில் அதற்கு எந்த இடத்தில் இடம் விடவேண்டும் என்றும் தெரியவில்லை. திட்டி எழுதுங்கள். நாலு பக்கம் திட்டி எழுதினாலும் உட்கார்ந்து படிப்பேன். பயமாக இருக்கிறது என்றும் எழுதுங்கள், அதையும் படிப்பேன். இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வேகம் வேண்டாம். பத்திரம்.

உங்களுடைய,
வாண்டு அம்மா