பால்கனிக் கதவுக்கு ஊற்றிய எண்ணெய்

அத்தை,

சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருக்கிறேன். சாவி செருப்பு அலமாரி மேல் இருக்கிறது.

பால்கனிக் கதவு சரியாகிவிட்டது. ஒற்றை விரலால் தள்ளினாலே நகர்கிறது.

அது உங்களால் கெடவில்லை. இறுக்கமாக இருக்கிறதே என்று போன மாதம் நான்தான் கதவு ஓடும் டிராக்கில் சமையல் எண்ணெயை ஊற்றினேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு தூசியெல்லாம் ஒட்டிக் களிம்பாகிவிட்டது.

"எண்ணெய், கிரீஸ் எதுவும் ஆகாதும்மா. அழுக்கச் சுரண்டிட்டு சிலிக்கான் ஸ்பிரே அடிங்க. அது காஞ்சிடும், தூசி ஒட்டாது. எந்தப் புண்ணியவான் எண்ணெய் ஊத்தினது?" என்று ஹார்டுவேர் கடைக்காரர் கேட்டார். "வீட்டுல பெரியவங்க" என்று சொல்லிவிட்டேன். அங்கேயும் பழியை உங்கள் தலையில்தான் போட்டேன்.

நீங்கள் திறக்கும்போது கதவு சிக்கி, நான் உங்களைத் திட்டி நாலு நாள் ஆகிறது. உங்கள் மகள் எதிரிலேயே, "உங்க கை பட்டா எதுதான் உருப்படும்?" என்று கேட்ட வாய்க்கு, உண்மையைச் சொல்ல வரவில்லை. நேற்று ஃபிரிட்ஜ் முன்னால் நின்று, "திறக்கலாமாம்மா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பி.கு.: ஸ்பிரே தரையிலும் பட்டிருக்கிறது. துடைத்துவிட்டேன், இருந்தாலும் பார்த்து நடங்கள்.

இன்னொன்று: உங்கள் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்ட எதுக்கு அண்ணி? அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். சாயங்காலம் வந்து நேரிலும் சொல்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள் அத்தை. "பரவாயில்லம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.