இன்று யானை எங்கே நிற்கிறது

ஓகஸ்ட் 4, திங்கள்

இக்ராம் நானாவின் பயண அலுவலகத்துக்கு வந்து மூன்று கிழமை. உட்துறைமுக வீதியில் ஒரு கடையின் பாதி. மற்றப் பாதியில் வலைக்கயிறு விற்கிறார்கள். வட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. எல்லோரும் கேட்பது ஒன்றுதான். எந்தக் காட்டுக்குப் போனால் யானை பார்க்கலாம்?

நான் ஒரு காட்டுக்கும் போனதில்லை. யானை பார்த்திருக்கிறேன். போன வருடம் தம்பலகாமத்தில் எங்கள் குசினிச் சுவரை விழுத்திவிட்டு ஒரு மூட்டை நெல்லைத் தின்றது. அதன் பிறகு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தார். அப்பா வயலைக் காக்க அங்கேயே நின்றுவிட்டார். புதுப் பள்ளிக்கூடத்துக்குப் பதினொரு நாள் போனேன். பன்னிரண்டாம் நாள் எழும்பி நின்று வாசிக்கும் முறை எனக்கு. போகவில்லை. பிறகும் போகவில்லை.

விருந்தினருக்கு இதையெல்லாம் எழுதுவதில்லை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

நானா இன்று கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தார். அப்படி இருந்தால் நல்ல கதை வராது.

"எழுதுறது வடிவா இருக்கு புள்ள. ஆனா ஜீப்காரருக்கு எழுதிச் சரிவராது, அவன் ஓடுற நேரம் வாசிக்க மாட்டான். ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்குக் கோல் எடுத்துக் கேக்கணும், இண்டைக்கு யானை எங்க எண்டு. மின்னேரியாக் குளத்துக்குத் தண்ணி விட்டா புல்லு தாழும், யானை பக்கத்துக் கவுடுல்லக் காட்டுக்கு நடந்திடும். அதுக்கு நாங்க அச்சடிச்ச பேப்பர் தெரியாது."

பிறகு சொன்னார்: "இந்த மாசம் முடியுமட்டும் பாப்பம். நீ கதைக்க மாட்டாயெண்டா ஓ.எல். முடிச்ச ஒரு புள்ளய எடுக்க வேண்டி வரும்."

அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டே, "அப்ப கொழும்புக்குப் போ. பெரியம்மாவின்ர மகளுக்குக் குழந்தை பாக்க ஆள் வேணுமாம்" என்றார்.

குழந்தையோடு கதைக்கத் தேவையில்லை என்பது ஒரு வசதி. ஆனால் நான் போக விரும்பவில்லை.

ஓகஸ்ட் 6, புதன்

பதினொரு மணி. ஹபரணை ஜீப்காரர் ரணசிங்க அய்யாவின் இலக்கத்தை அழுத்தினேன். மணி அடித்தது. வெட்டிவிட்டேன். அவர் திரும்ப எடுத்தார், மூன்று தரம். நான் போய்க் கயிறு பார்த்துக்கொண்டு நின்றேன். கயிற்றுக் கடைக்காரர் எத்தனை மீற்றர் வேண்டும் என்று கேட்டார். அங்கேயும் நிற்க முடியவில்லை.

விருந்தினருக்குக் கவுடுல்ல என்று நானே எழுதிப் போட்டுவிட்டேன். போனவர்கள் யானையே பார்க்கவில்லை.

ஓகஸ்ட் 9, சனி

ஒரு விடயம் கண்டுபிடித்திருக்கிறேன்.

போனில் நான் கதைக்கும் ஒரே ஆள் அப்பா. புதன்கிழமை காலை அவர், "யானை வந்தது பிள்ளை. ரெண்டு வாழை முறிஞ்சுது. அம்மாட்டச் சொல்லாத" என்றார். அன்றைக்குக் கவுடுல்லயில் யானை இல்லை. வியாழனும் வெள்ளியும் "வரேல்ல" என்றார். அந்த இரண்டு நாளும் கவுடுல்லயில் எண்பதுக்கு மேல். அப்பாவின் வயலில் இல்லையென்றால் கவுடுல்லயில் நிற்கிறது.

இன்றும் வரவில்லையாம். கவுடுல்ல என்றேன். நானா, "ரணசிங்கவுக்கு எடுத்தியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். விருந்தினர் தொண்ணூறு எண்ணினார்களாம்.

வயலுக்கு வரும் தனியன் யானை வேறு, காட்டில் நிற்கும் கூட்டம் வேறு என்று வலைத்தளத்தில் போட்டிருக்கிறது. இருக்கட்டும்.

ஓகஸ்ட் 11, திங்கள்

ரொறொன்ரோவிலிருந்து வரும் விருந்தினர், சோபனா அக்கா. கணவர், ஒன்பது வயது மகன். இதுவரை நாற்பத்தொரு செய்தி. யாலவா, வில்பத்துவா, உடவளவையா, மின்னேரியாவா, கவுடுல்லவா?

எழுதினேன்: யாலயில் சிறுத்தை உண்டு, ஜீப் அதைவிட அதிகம். வில்பத்துவிலும் உண்டு, ஆனால் காடு பெரியது, அது வெளியே வர விரும்ப வேண்டும். உடவளவையில் எப்போதும் யானை, போக ஒரு பகல் வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரு நாள். மின்னேரியா அல்லது கவுடுல்ல. எது என்று அன்று காலை சொல்கிறேன்.

குரல்பதிவு வந்தது. "நீங்கள்தான் தங்கச்சி முதல் உண்மை சொன்ன ஆள். மற்ற எல்லாரும் சிறுத்தை நிச்சயம் எண்டவை. ஒருக்காக் கோல் எடுங்கோவன்."

சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பினேன்.

ஓகஸ்ட் 14, வியாழன்

சந்தையில் தம்பலகாமத்து ஆள் யாரோ அம்மாவிடம் வாழைக் கதையைச் சொல்லிவிட்டார். அம்மா போனைப் பறித்து அப்பாவிடம்: "இன்னொருக்கா வந்துதெண்டு கேள்விப்பட்டா அண்டைக்கே வயலை விட்டிட்டு வாறீங்கள். நெல்லு போனாப் போகட்டும்."

அறுவடை மெசினுக்கு அப்பாவின் முறை செப்டெம்பர் இரண்டாம் திகதிதான்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

வரேல்லயாம்.

ஓகஸ்ட் 18, திங்கள்

வரேல்லயாம். கேட்காமலே சொன்னார்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

வரேல்லயாம். சோபனா அக்காவுக்கு எழுதினேன்: கவுடுல்ல. மத்தியானம் ரணசிங்க அய்யா அலுவலகப் போனுக்கு மூன்று தரம் எடுத்தார். நானா வெளியே. நான் எடுக்கவில்லை.

ஓகஸ்ட் 20, புதன்

சோபனா அக்காவின் குரல்பதிவு. கோபம் என்று சொல்ல முடியாது. களைப்பு. "மூண்டு மணித்தியாலம் தங்கச்சி. ஒரு மயில். மகன் அதையே முப்பது படம் எடுத்திருக்கிறான்."

நானா ரணசிங்க அய்யாவுக்கு எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அவருடைய தமிழ் பாதி, சிங்களம் பாதி. மின்னேரியாவுக்குப் போகச் சொல்லத்தான் மூன்று தரம் எடுத்தாராம். கவுடுல்லக் கூட்டம் மூன்று நாளாக அங்கே இல்லை. கந்தளாய் தாண்டி வடக்கே போய்விட்டது. இது அறுவடைக் காலம், தம்பலகாமத்து வயல்களுக்குத்தான் போகுமாம்.

நானா என்னைப் பார்த்தார். "நீ அவனுக்கு எடுக்கவேயில்ல, என்ன?"

இல்லை என்று வாயால் சொன்னேன். அதற்கு மேல் நிற்க ஏலாது. கயிற்றுக் கடைக்குப் பின்னால் போய் அப்பாவுக்கு எடுத்தேன்.

"அப்பா, கவுடுல்லயில யானை இல்லையாம்."

"இல்லாட்டி எனக்கென்ன பிள்ளை?"

"அப்ப எங்க நிக்குது?"

ஒரு உழவு இயந்திரம் போகும் சத்தம் கேட்டது.

"காவல் பரண் இப்ப மூண்டு காலிலதான் நிக்குது" என்றார்.

"நீங்கள்?"

"நான் ரெண்டு காலில. பயப்படாத. யானை தட்டேக்க நான் அதில இல்ல, கீழ தேத்தண்ணி வச்சுக்கொண்டு நிண்டனான்."

எத்தனை நாளாக யானை வருகிறது? மூன்று நாளாம். நானும் பதினைந்து நாளாக ஒவ்வொரு பதினொரு மணிக்கும் எடுத்தேன் என்று தலையாட்டியிருக்கிறேன். அவருக்கு என்னத்தைச் சொல்ல?

அம்மாவிடம் சொன்னால் வயல் போகும். சொல்லாவிட்டால்— அதை எழுத மாட்டேன்.

ஓகஸ்ட் 21, வியாழன்

காலை ஆறு மணி. மெசின்காரர் கிண்ணியா தாஹிர். இலக்கம் அப்பாவிடம் வாங்கினேன். மணி அடித்தது. வெட்டவில்லை.

"யாரு?"

தங்கரத்தினத்தின் மகள் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன், பலமாக. பரண் கதையைச் சொன்னேன். முறையை முன்னுக்குத் தர ஏலுமா என்றேன்.

"உங்களுக்கு முன்னால எட்டுப் பேர் நிக்கிறாங்க மகள். அவங்களுக்கும் யானைதான்."

"அவையின்ர இலக்கம் தாங்கோ. நான் கேக்கிறன்."

எட்டுப் பேருக்கும் எடுத்தேன். ஒருவர் ஏசினார். ஒருவர் அரை மணித்தியாலம் தன் யானையைப் பற்றிக் கதைத்தார். நெல் இன்னும் பழுக்காத இருவர் எனக்காகப் பின்னுக்குப் போகச் சம்மதித்தார்கள். அவர்களில் ஒருவர் சனிக்கிழமை, 23ஆம் திகதிக்காரர். அந்த இடத்தை எங்களுக்கு விட்டார்.

திரும்பிப் பார்த்தால் குசினி வாசலில் அம்மா. எவ்வளவு நேரம் நின்றார் தெரியாது. "உனக்கு இவ்வளவு கதை வருமோ?" என்றார். அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மெசின் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்டுவிட்டு, தம்பலகாமத்துக்கு முதல் பஸ்ஸில் போக உடுப்பு எடுத்து வைத்தார்.

பதினொரு மணிக்கு ரணசிங்க அய்யாவுக்கு எடுத்தேன். மின்னேரியா என்றார். சோபனா அக்காவுக்கும் எடுத்து, பிழை என்னுடையது, நானா இன்னொரு ஜீப் விடுகிறார், இன்னும் ஒரு பின்னேரம் மட்டும் ஒதுக்குங்கள் என்றேன். தொண்டை நொந்தது. ஒரு நாளில் இவ்வளவு கதைத்ததில்லை.

ஓகஸ்ட் 22, வெள்ளி

மின்னேரியாவில் நூற்றிமுப்பதாம். சோபனா அக்காவின் மகன் போனைப் பறித்து, யானை பரவாயில்லை, மயில் வடிவு என்று சொன்னான்.

ஓகஸ்ட் 23, சனி

வெட்டியாயிற்று. ஒரு மூலை மிதிபட்டுப் போய்விட்டது. அதைச் சேர்க்காமல் முப்பத்தெட்டு மூட்டை.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

மாசம் முடிந்தது. ஓ.எல். முடித்த பிள்ளை யாரும் வரவில்லை. நானா கயிற்றுக் கடைக்காரரிடம், "சத்தமாயிருந்தா மன்னிக்கணும், இந்தப் புள்ள போன்ல கொஞ்சம் பலமாக் கதைக்கிறது" என்று சொல்வது கேட்டது.

கொழும்பில் குழந்தைக்கு வேறு ஆள் பிடித்துவிட்டார்களாம்.

செப்டெம்பர் 2, செவ்வாய்

அப்பா டவுனுக்கு வந்து மூன்று நாளாக நித்திரை கொள்கிறார். இன்று எழும்பி, எனக்குச் சாப்பாடு கொண்டுவரும் சாட்டில் அலுவலகத்துக்கு வந்து கதிரையில் இருந்தார். நான் ரணசிங்க அய்யாவோடு கதைத்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு எங்க நிக்குதாம்?"

"மின்னேரியாவில. நூற்றிநாற்பத்திரண்டு."

"எண்ணினவையோ?"

"ஓம்."

அப்பா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "அதில வலது காதில கிழிசல் உள்ள ஒண்டு நிக்குதோ? எங்கட பரணைத் தட்டினது அதுதான்."

தெரியாது என்றேன். பிறகு போனை எடுத்து ரணசிங்க அய்யாவுக்குத் திரும்ப அடித்தேன்.