விழுந்த பதினாறு தகடுகள்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே அனல். பஸ் முழுக்கக் கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டம். கல்லூரி வரை நின்றபடியே. லேப் ஏ.சி. இன்றும் ரிப்பேர்.

மூன்றாம் ஆண்டு லீவு முழுக்க எனக்கும் தினேஷுக்கும் ஒரே வேலை. இரும்புத் தகட்டை மேஜையில் வைக்க வேண்டும். ரோபோ கை அதை உறிஞ்சித் தூக்கிப் பெட்டியில் போடும். நோட்டில் ஒரு கோடு. நூறு தடவை. மறுபடி நூறு. அம்மா பக்கத்து வீட்டில் இதைத்தான் "ஆராய்ச்சி" என்கிறாள்.

ஜூன் 10, செவ்வாய்
இடுப்பு வலி. நூற்றில் பதினாறு தகடுகள் பாதியிலேயே விழுந்தன. எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தவை.

தினேஷ்: "நீ சரியா தொடைக்கலப்பா. ரோபோ மேல தப்பு இல்ல. கணக்குல சேக்காத."

சேர்க்கவில்லை. துடைத்து மறுபடி வைத்தேன். நூற்றுக்கு நூறு.

புராஜெக்ட் சார் நோட்டைப் பார்த்து, "சூப்பர்மா! வெள்ளிக்கிழமை ரோபோவ பாக்க கம்பெனிலேர்ந்து வராங்க, இதையே காட்டிடலாம்" என்றார். சந்தோஷம் வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

வாங்க: பழைய துணி, பேனா, தலைவலி மாத்திரை.

ஜூன் 12, வியாழன்
புழுக்கம். அந்தப் பதினாறு மனசை விட்டுப் போகவில்லை. தினேஷிடம் சொன்னேன்.

"கம்பெனிக்கு ரிப்போர்ட் குடுத்தாச்சு. இன்னாத்துக்கு இப்ப கிளறிக்கினு இருக்குற?"

அதோடு விட்டுவிட்டேன். மறுபடி நூறு வைக்கத் தெம்பில்லை. அதுதான் நிஜம்.

ஜூன் 13, வெள்ளி
கம்பெனி எஞ்சினியர் ஒரு மேடம். அவர் முன்னால் பத்துத் தகடுகள், பத்தும் ஒழுங்காகப் போயின. சார் முகத்தில் வெளிச்சம். மேடம் ஒரு தகட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்ககிட்ட தகடு எண்ணெயோடதான் வரும். தொடைக்க ஆள் கிடையாது. ரோபோ கைக்குக் கீழ ரெண்டு பேர் நின்னு பெட்டி மாத்துவாங்க. எண்ணெயோட வச்சப்ப எத்தன விழுந்துச்சு?"

"ஒண்ணுகூட விழல மேடம்," என்றார் சார். பாவம், அவருக்குத் தெரியாது.

தினேஷ் தரையைப் பார்த்தான்.

"பதினாறு மேடம். நான்தான் எழுதல," என்றேன்.



மேடம் திட்டவில்லை. "அதத்தான்மா நான் பாக்கணும். எழுதி அனுப்பு," என்றார். அவரை வழியனுப்பப் போன சார் லேபுக்குத் திரும்பவில்லை. பஸ்ஸில் தினேஷ் வேறு சீட்டில்.

ஜூன் 14, சனி
தூறல். சார் எனக்கு முன்பே லேபில்.

"செவ்வாக்கிழமையே என்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும் சார்."

"ரிப்போர்ட்ட திரும்ப வாங்கிட்டேன். முதல்லேர்ந்து ஆரம்பிங்க." அவ்வளவுதான். போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

பதினொரு மணிக்கு தினேஷ். எண்ணெய் டப்பாவைத் திறந்து ஒவ்வொரு தகடாகத் தடவி வைத்தான். நான் நோட்டோடு எதிரில்.

நான்காவது தகடு நழுவி டமாரென்று விழுந்தது.

"எழுதிக்கினியா?" என்றான்.

எழுதினேன்.