நூற்றுப் பதினெட்டாம் பக்கத்து மாமியார்

செப். 22, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில். உப்பளத்துக் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் பிசுபிசுப்பு.

பேச்சியம்மாள் அக்கா நாளை முதல் லீவு, பத்து நாளைக்கு. இனி மாமியைத் துடைத்துத் துணி மாற்ற ஆள் இல்லை.

"எம் மவன் குலசைக்கு மாலை போட்டிருக்காம்லா. இந்த வருசம் பொம்பள வேசம். செட்டுக்காரங்களுக்குச் சோறு பொங்கணும். நான் போவாம யாரு போவா?"

குலசை அம்மன் கோயில் தசராவுக்கு வேசம் கட்டுகிற நேர்த்திக்கடன். போய்வரச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் திருநெல்வேலி போய், பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு வருடமும் முடிந்தது, நீட்டிப்பும் முடிந்தது. தவறினால் பதிவு ரத்து.

பாக்கி:
இயல் 4 (நாவலில் ஆண், பெண் பாத்திரங்கள்) பிழை திருத்தம்
துணைநூல் பட்டியல்
பைண்டிங், ஐந்து பிரதி
மாமிக்கு ரப்பர் ஷீட், பவுடர். டயப்பர் வாங்கக் கூடாது. போன மாதம் போட்டு இடுப்பெல்லாம் புண், டாக்டர் திட்டினார்.

துறைமுக வேலையில் இருந்து என் வீட்டுக்காரர் ஜோ வந்ததும் கேட்டேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா?

"லீவு போடுதேன். ஆனா துணி மாத்துறதுல்லாம்... அது எப்படி ஸ்டெல்லா? பெத்த தாயி."

"நான் மாத்துதேன்லா?"

"நீ பொம்பள."

கெட்டவர் இல்லை. மீன் குழம்பு என்னைவிட நன்றாக வைப்பார். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

பேச்சியம்மாள் மகன் சேலை கட்டி ஊர் ஊராக ஆடலாம், கும்பிடுவார்கள். இங்கே ஒருவர் தன் அம்மாவின் ஈரத்துணியை உருவ முடியாது. இயல் 5இல் எழுதலாம். இயல் 5 கிடையாது.

செப். 23, செவ்வாய்

மாமி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே திருத்தினேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்து ஏழு மாதம். காது மட்டும் பாம்புக் காது.

"என்னளா, வாய்க்குள்ளயே முணங்குத? சத்தமா வாசி, நானும் கேக்கேன்."

நாவலைச் சொன்னேன். முத்துக் குளிக்கிறவன் வீடு. அவன் கடலுக்குள் இறங்கினால் மேலே கயிறு மச்சினன் கையில். தங்கச்சி தாலி என்பதால் விடமாட்டான். வீட்டில் மாமியார், வள்ளம் திரும்பும்வரை மருமகளைத் தண்ணீர் குடிக்க விடமாட்டாள்.

"இது என்ன கதை? நாங்களும் குடிக்க மாட்டோம். உங்க மாமா சங்கு குளிக்கப் போனா, வள்ளம் கரைக்கு வந்த பொறவுதான் பச்சத்தண்ணி. கயிறு எங்க அண்ணன் கையில. எங்க கையில என்ன இருந்துச்சு? வயித்தக் காயப்போடுறதுதான்."

ப. 118இல் என் வரி: மாமியார், ஆணாதிக்கத்தின் வீட்டு முகவர். நெறியாளர் ஓரத்தில் டிக் போட்டிருந்த வரி. அதை மட்டும் மாமிக்கு வாசிக்கவில்லை.

"அந்த மாமியாக்காரி குடிச்சாளா?"

"அது கதைல இல்ல மாமி."

"இருக்கும். நல்லாப் பாரு."

பார்க்க வேண்டும். (பார்க்கவில்லை. பைண்டிங் கடைக்கு ஓட வேண்டியதாயிற்று.)

துணி மாற்றியது: ஆறு முறை.

செப். 25, வியாழன்

ஐந்து பிரதியும் வந்துவிட்டன. கறுப்பு அட்டை, பொன்னெழுத்து. என் பெயர். அலமாரிக்கு மேல் வைத்தேன், ஈரக்கை படக்கூடாது என்று.

கேட்டுப் பார்த்த ஆட்கள்:
எதிர்வீட்டு டீச்சர்: நாசரேத்தில் கல்யாணம்
நர்ஸ் அனுப்பும் இடம் இரண்டு: தசரா முடியட்டும்
நாத்தனார், மஸ்கட்: குரல் செய்தி. "அண்ணி, அம்மாவுக்கு நீங்கதான் எல்லாம்."

ஜோ லீவு போட்டாயிற்று. துணியைப் பற்றி மூச்சு இல்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது.

மதியம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு நாவலில் பெண்கள் ஏன் வீட்டைவிட்டு நகர முடியவில்லை என்று ஆறு வருடம் எழுதியிருக்கிறேன். இருநூற்றுப் பத்துப் பக்கம். அதைக் கொடுக்க என்னால் நகர முடியவில்லை. சிரிப்பும் வரவில்லை.

முடிவு: போகவில்லை.

மாமியிடம் நான் சொல்லவே இல்லை. ஜோவிடம் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. சாயங்காலம் துடைக்கும்போது என் கையைப் பிடித்தார்.

"போளா. நாளைக்கு எனக்கு ஒண்ணுக்கு வராது."

"அது உங்க கையிலயா இருக்கு மாமி?"

"இருக்கு. போ."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கஞ்சி வேண்டாம் என்றார். வயிறு ஊதல் என்றார். நானும் சரி என்றேன்.

செப். 26, வெள்ளி

நல்ல துணியாக இரண்டு அடுக்கு போட்டேன். தலைமாட்டில் தண்ணீர் பாட்டில், டம்ளர். மாமி என் நெற்றியில் குருசு போட்டார். பத்தேகால் பஸ் ஏறிவிட்டேன்.

2.50க்குக் கொடுத்தேன். கிளார்க் பக்கங்களை எண்ணினார், சீல் குத்தினார். ஆறு வருடம், இரண்டு நிமிடம். பஸ் ஸ்டாண்டில் தனியாக டீ. அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். இருந்தேன் என்பதை எழுதி வைக்கிறேன், பின்னால் இல்லை என்று சொல்லக்கூடாது.

வீடு 5.40. ஜோ ஹாலில் டிவி முன்னால்.

"அம்மா ஒரு தொந்தரவும் பண்ணல. தண்ணி கூட கேக்கல. நீ சும்மா பயந்த."

பெருமையாகச் சொன்னார்.

பாட்டில் நிறைந்தபடி. ஆறிப்போன டீ, ஆடையோடு. தொட்டால் மாமியின் உடம்பு கொதிக்கிறது. உதடு வெடித்து, நாக்கு மரக்கட்டை. கூப்பிட்டால் கண் திறக்கிறது, என்னைப் பார்க்கவில்லை. துணியை எடுத்துப் பார்த்தேன். நான் காலையில் போட்டது போட்டபடி, காய்ந்து.

ஜோ கதவிலேயே நின்றார். "கேட்டேன் ஸ்டெல்லா, ரெண்டு தடவ கேட்டேன். பொறவு பொறவுன்னு சொன்னாங்க." அழுதார். என்னால் அவரைத் தேற்ற முடியவில்லை.

ஆட்டோ. ஆஸ்பத்திரி. டிரிப்ஸ்.

செப். 27, சனி

கிட்னி பாதித்திருக்கிறதாம். இந்த வயதில் முழு நாள் தண்ணீர் இல்லாமலா, வீட்டில் யாருமே இல்லையா என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். பக்கத்தில் நின்ற ஜோவைக் கேட்கவில்லை.

நெறியாளரின் செய்தி: வாழ்த்துகள். இயல் 4 சிறப்பு, மாமியார் பகுதி குறிப்பாக.

பையில் நாவல் கிடந்தது. வெளி பெஞ்சில் உட்கார்ந்து, மாமியார் குடித்தாளா என்று மாமி கேட்ட இடத்தைத் தேடினேன். வள்ளம் திரும்பிய சாயங்காலம். அடுக்களையில் இரண்டு செம்பு, இரண்டும் தளும்பத் தளும்ப. இரண்டு. அந்த வரிக்கு அடியில் நானே பென்சிலில் கோடு போட்டு, ஓரத்தில் "வர்ணனை" என்று எழுதியிருக்கிறேன்.

நெறியாளருக்குப் போன் செய்தேன். ஒரு பக்கம் மட்டும் மாற்ற முடியுமா?

"கொடுத்தது கொடுத்ததுதாம்மா. ஏன், என்ன பிழை?"

போனை வைத்துவிட்டேன்.

நர்ஸ் வந்து ஜோவிடம், "துணி மாத்தணும், லேடீஸ் யாரு இருக்கா?" ஜோ என்னைக் காட்டினார்.

மாற்றிக்கொண்டிருக்கும்போது மாமி கண் திறந்தார். என்னை யாரென்று நினைத்தாரோ.

"வள்ளம் வந்துட்டா?"

"வந்துட்டு மாமி."

"அவரு கரை ஏறிட்டாரா?"

"ஏறிட்டாரு."

"அப்பம் தண்ணி தா."

வாய்வழி எதுவும் கொடுக்கக்கூடாது என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். உறிஞ்சினார். இன்னும் கேட்டார்.