முட்டை வாசனை அடிக்கும் வெள்ளி ரூபாய்

துவாரகா,
20-11-2002

மகா ஆசாரமான அண்ணனுக்கு,

தீபாவளிப் பூஜைக்கென்று நீங்கள் இரவல் வாங்கிப்போன அம்மாவின் வெள்ளி ரூபாய் வந்து சேர்ந்தது. அடேயப்பா, மயில் கழுத்து நிறம்! நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தீர்களாக்கும்.

சாந்தினி சௌக் நாணயக்கடைக்காரர் மோந்து பார்த்துச் சிரித்தார். "அச்சா பெஹன்ஜி, முட்டையோடயா வெச்சிருந்தீங்க?" என்றார். வேகவைத்த முட்டையோடு டப்பாவில் மூடி வைத்தால் வெள்ளிக்கு இரண்டே நாளில் இந்த நிறம் ஏறுமாம்.

என் முட்டைக் குழம்புத் தூக்கை மாடிப்படியிலேயே வைக்கச் சொன்னவர் அண்ணி. அவர் அடுப்பில் முட்டை வெந்ததைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே!

விருந்தாளிகள் முன்னால் பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்தீர்கள். பிறகு பழைய நிறம் போய்விட்டதே என்று எனக்குப் பயந்து முட்டை வேகவைத்தீர்கள். அவ்வளவுதானே?

அம்மா தன் இரண்டு ரூபாய்களையும் ஒன்றை ஒன்று பாதி மூடியபடி காகிதத்தில் மடித்து நாற்பது வருஷம் வைத்திருந்தாள். மூடிய இடம் வெள்ளையாகவே நின்றது. மூடாத ஓரம் மெல்லப் பொன்னாகி, ஊதாவாகி, நீலப் பிறையானது. நாம் சண்டை போடும்போதெல்லாம் இரண்டையும் பொருத்திக் காட்டி, "இதுல ஒண்ணு அவன், ஒண்ணு நீ" என்பாள்.

உங்கள் முட்டைக்கு அது தெரியுமா? முழுசாகப் பூசிவிட்டது.

என்னிடம் இருக்கும் ரூபாயில் பிறை அப்படியே இருக்கிறது. அதற்கு இனி ஜோடி இல்லை. உங்களுடையதை இத்துடன் கொடுத்தனுப்புகிறேன். பொங்கலுக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
முட்டையை வெளிப்படையாகத் தின்னும் தங்கை