நூறு வயதை எழுபதுக்குக் குறைவாகக் கொண்டு விறகு நிறுத்தியது குறித்து

அனுப்புநர்:
ஸ்தோயன்கா வெல்கோவா,
தேவாலயத்துப் பின்தெரு,
கோர்னா லிபிட்சா.

பெறுநர்:
நகரத் தலைவர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
கோர்னா லிபிட்சா.

பொருள்: நிறுத்திய குளிர்கால விறகை மீண்டும் வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எழுபது நிரம்பியவர்களுக்கு நகராட்சி தரும் விறகை முப்பது ஆண்டுகளாகப் பெற்று வந்தேன். செப்டம்பரில் எனக்கு நூறு நிறைந்தது. தாங்களே பூங்கொத்துடன் வந்து வாழ்த்தி, நான் சுட்ட பனிட்சா அப்பத்தில் மூன்று துண்டு சாப்பிட்டீர்கள். அக்டோபரில் தங்கள் கையொப்பத்துடன் கடிதம் வந்தது: எழுபது நிரம்பாததால் விறகு கிடையாது.

2. பிரிவுத் தலைவர் திராகனோவ் அவர்களிடம் நேரில் போய் நின்றேன். “கம்ப்யூட்டர் சொன்னா சொன்னதுதாம்மா, உங்களுக்கு வயசு பத்தல” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

3. அந்தக் கம்ப்யூட்டர் நிரலை எழுதியவள் தங்கள் அலுவலகத்தில் பணிபுரியும் என் பேத்தி ரலிட்சா. பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஊறுகாய் ஜாடியில் சீட்டு ஒட்டுவதுபோல, வயதைப் போட்டு வைக்கும் இடத்துக்கும் உள்ளே இருப்பது எண்ணா எழுத்தா என்று சீட்டு ஒட்ட வேண்டுமாம். அவள் எண் என்றே ஒட்டினாள். “பழைய பதிவேட்டுல ‘எண்பது இருக்கும்’னு எழுதி வச்சிருக்காங்க பாட்டி. அது உள்ள போகலன்னதும், எல்லாத்தையும் எழுத்தாவே மாத்திருன்னாரு திராகனோவ்” என்கிறாள். எழுத்தென்றால் அகராதிபோல முதல் எழுத்தைத்தான் இயந்திரம் பார்க்குமாம். 100இல் முதலில் நிற்கும் ஒன்று, 70இல் முதலில் நிற்கும் ஏழுக்கு முன்னால் வருவதால், நூறு எழுபதுக்குக் கீழே போய்விட்டது. தொண்ணூற்றொன்பதில் நான் கிழவி, நூறில் இல்லை. மேலதிகாரி சொன்னதைக் கேட்டது அவள் பிழை. அதை வீட்டிலேயே கண்டித்துவிட்டேன்.

4. பக்கத்து வீட்டு ஸோர்னிட்சாவுக்கு வயது எட்டு. எட்டு ஏழுக்குப் பின்னால் வருவதால் அவளுக்கு ஒரு வண்டி ஓக் விறகு வந்து இறங்கியது. அந்த மூதாட்டி தினமும் பள்ளி விட்டு வந்ததும் எனக்கு ஒரு கூடை விறகு கொடுத்தனுப்புகிறாள். என் அடுப்பு அவள் தயவில்தான் எரிகிறது. மார்ச்சில் அவளுக்கு ஒன்பது வயதாகிறது. அப்போதும் தகுதி போகாதாம்.

5. நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். எழுபதைவிட நூறு பெரியது என்பதை அதற்குள்ளேயே முடித்துவிட்டார்கள்.

6. சீட்டை மாற்ற ஐந்து நிமிடம் போதும் என்கிறாள் ரலிட்சா. ஆனால் எழுத்துபூர்வமான உத்தரவு இல்லாமல் தொட மாட்டாள், அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். மலையில் பனி விழத் தொடங்கிவிட்டது. எனக்கு அடுத்த குளிர்காலம்வரை காத்திருக்கும் வயதில்லை. இந்த ஒரு விஷயத்திலாவது எனக்கு வயதாகிவிட்டது என்று தாங்கள் நம்பி, இவ்வாரமே உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: கோர்னா லிபிட்சா
நாள்: நவம்பர் 18

இப்படிக்கு,
ஸ்தோயன்கா வெல்கோவா
வயது: 100 (எண்ணாகப் படிக்கவும்)