புயலில் அடிக்கும் மணி

அன்புள்ள அம்மாவுக்கு,

மர்சேய் வெயிலில் உன் மூட்டுவலி தேவலையா? இந்த லொசேர் மலைக்குளிரைத் திட்டிக்கொண்டே நான் சுகம்.

இங்கே பனிப்புயல் வந்தால், வெளியே போனவர்கள் சத்தத்தை வைத்து வீடு திரும்ப மாதாகோயில் மணியை விடாமல் அடிக்க வேண்டும். அது பள்ளிக்கூட டீச்சர் தலையில்தான். நேற்று எல்லோரும் வந்துசேர்ந்ததும் கயிற்றை விட்டேன். பக்கத்து வீட்டு அல்ஃபோன்சின் ஓடிவந்தாள்.

"நிறுத்தாதீங்க டீச்சர்! எங்க வீட்டுக்காரர் இன்னும் வரல."

அவர் பனியில் காணாமல்போய்ப் பத்து வருஷம். பாவமாக இருந்தது, இருட்டும்வரை அடித்தேன்.

காலையில் அவள் வாசல்வரை பூட்ஸ் தடம் இருந்தது. திரும்பிப்போன தடம் இல்லை. வழிதவறிய யாராவதாக இருக்கும், நீ பயப்படாதே.

கயிறு இழுத்துக் கையெல்லாம் கொப்புளம். கம்பளிக் கையுறை அனுப்பு. ஆண்கள் அளவில் இன்னொரு ஜோடியும் வை, அல்ஃபோன்சின் கேட்கிறாள்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உன் நொயேமி